வாசலில் நின்று பாடியவர்: பாபநாசம் சிவன்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் ஆரவாரத்திற்கு அண்மையில் வலியசாலை என்னும் பகுதி உள்ளது. கிள்ளியாற்றை ஒட்டி அமைந்த தமிழ் அக்ரகாரம் அது. வீடுகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். அங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துப் பேசும் அறிஞர்கள் உண்டு. சாலை என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் வேறு. அக்காலத்தில் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து சாஸ்திரம் கற்பித்த நிலையத்தையே அச்சொல் குறித்தது. வயிற்றுக்கு அன்னம், அறிவுக்குக் கல்வி, ஆன்மாவுக்கு இறைவழிபாடு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்த ஏற்பாடு அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரண்மனைப் பணி, கோயில் பணி, கல்வி, வாணிபம் என்று பல காரணங்களால் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. வலியசாலை, கரமனை, கோட்டை எனத் தமிழர் தெருக்கள் வளர்ந்தன. திண்ணையில் வேதம் ஒலிக்கும். மாலையில் பஜனை நடக்கும். நவராத்திரி வந்தால் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகள் முழங்கும். ஆதரவற்ற தமிழ்க் குடும்பம் ஒன்று பிழைப்புத் தேடிப் புறப்படும்போது, மலைக்கு அப்பாலிருந்த இந்தத் தர்மராஜ்யம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

1899-ஆம் ஆண்டில் அப்படி வந்த குடும்பம் ஒன்றில் தாயும் மக்களும் மட்டுமே இருந்தனர். தந்தை இல்லை. அப்பிள்ளைகளுள் ஒருவன் ராமையா. பிற்காலத்தில் தமிழுலகம் அவனைப் பாபநாசம் சிவன் என்று அறிந்துகொண்டது.

தந்தையை இழந்த பிள்ளை

தஞ்சை மாவட்டத்தில் நன்னிலத்தை அடுத்த போலகம் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ராமையா பிறந்தார். தந்தை ராமாமிர்தம் ஐயர், தாய் யோகாம்பாள். ஏழாம் வயதில், 1897-இல், தந்தை காலமானார். அந்நாளில் இளம் விதவை ஒருத்தியின் நிலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. யோகாம்பாள் அம்மையார் இரண்டு ஆண்டுகள் ஊரிலேயே தாக்குப்பிடித்துப் பார்த்தார். பின்னர், உறவினர் ஒருவரின் உதவியை நாடித் திருவிதாங்கூருக்குப் புறப்பட்டார். காவிரிக் கரையில் பிறந்த ஒரு குடும்பம் கரமனையாற்றின் கரைக்கு வந்து சேர்ந்தது.

சிறுவன் மலையாளம் கற்றான். பின்னர் மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வியாகரணம் பயின்று பட்டம் பெற்றார். வியாகரணம் என்பது எளிய படிப்பு அன்று. ஒரு சொல் எங்கிருந்து பிறக்கிறது, எந்த விதியால் உருமாறுகிறது, எந்த இடத்தில் நின்று பொருள் தருகிறது என்று ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆராயும் பொறுமை அதற்கு வேண்டும். பிற்காலத்தில் அவருடைய தமிழ்க் கீர்த்தனைகளில் வடசொற்கள் உறுத்தலின்றி, தமிழ்ச் சொற்களோடு கைகோத்து நடப்பதைக் காணும்போது, அந்தக் கல்லூரி வகுப்பறையின் பயன் தெரிகிறது.

ஆனால் அவரை உருவாக்கிய பள்ளிக்கூடம் வேறொன்று. அதற்குச் சுவர் இல்லை. கால அட்டவணையும் இல்லை. அதுதான் நீலகண்ட சிவனின் பஜனை.

நீலகண்ட சிவன் 1839-இல் நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் நீலகண்டசுவாமியின் சந்நிதியில் வளர்ந்தவர். சிவபெருமானை நினைந்து உருகித் தமிழில் ஏராளமான கீர்த்தனைகள் இயற்றியவர். திருவனந்தபுரத்தில் அவரைச் சுற்றி ஒரு பஜனை கோஷ்டி உருவாயிற்று. 1900-இல் அவர் மறைந்தார். அப்போது ராமையாவுக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. ஆகவே, குருவின் திருமுன் இருக்கக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. எனினும் அந்தப் பஜனையிலும் அந்தப் பாடல்களிலும் ராமையா முழுமையாக மூழ்கினார். நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் பெரும்பாலானவற்றை மனத்தில் ஏற்றிக்கொண்டார். உடல் மறைந்த பின்னும் குரு கற்பிப்பதை நிறுத்துவதில்லை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

நீலகண்ட சிவனின் பாடல்களில் மிகவும் பரவியிருப்பது முகாரி ராகத்தில் அமைந்த ஒன்று. சிவனின் கிருபை தனக்கு எப்போது வாய்க்குமோ என்ற ஏக்கமே அதன் கரு. கேட்பவருக்குக் கண் கலங்கும். அதில் அவநம்பிக்கை இல்லை. வராதோ என்ற சந்தேகமும் இல்லை. வரும் என்பது உறுதி, நாள்தான் தெரியவில்லை. வாசலில் நிற்பவனின் மனநிலை அது. பத்து வயதுப் பிள்ளை அந்த மனநிலையை முழுமையாகப் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் பாட்டு உள்ளே போய்விட்டது. அதற்கான வாழ்க்கை பின்னால் வந்தது.

ஊர் ஊராக

1910-ஆம் ஆண்டில் யோகாம்பாள் அம்மையார் காலமானார். ராமையாவுக்கு அப்போது இருபது வயது. கையில் கல்லூரிப் பட்டம் இருந்தது. ஏதேனும் ஒரு பாடசாலையில் வடமொழிப் பண்டிதராக அமர்ந்திருக்கலாம். மாதச் சம்பளம், ஒரு வீடு, ஓய்வூதியம் என்று வாழ்க்கை ஒழுங்காக ஓடியிருக்கும். அதுவும் அறவழிதான், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அதைச் செய்யவில்லை. கோயில் கோயிலாகப் புறப்பட்டார். சந்நிதியில் நின்று பாடினார். திருவிழாக்களில் சுவாமி புறப்பாட்டின் பின்னால் பாடிக்கொண்டே நடந்தார். திருவையாற்றின் சப்தஸ்தானப் பெருவிழா, நாகப்பட்டினம் நீலாயதாட்சியம்மனின் ஆடிப்பூரம் போன்றவற்றில் அவருடைய பஜனை இடம்பெற்றது. தஞ்சைப் பகுதிக்கு வரும்போதெல்லாம் பாபநாசத்தில் இருந்த அண்ணன் ராஜகோபாலன் வீட்டில் தங்குவார். பாபநாசம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். சிவன் என்ற பெயரைத் தந்தவர்கள் கணபதி அக்ரகாரத்து மக்கள். நெற்றி நிறையத் திருநீறும், வாய் நிறைய நாமமுமாக, தன்னை மறந்து பாடிக்கொண்டு வந்து நின்ற இளைஞரைப் பார்த்து, சிவனே வந்ததுபோல் இருக்கிறது என்று அவர்கள் எண்ணினர். பெற்றோர் இட்ட பெயரும் பட்டம் தந்த கல்லூரியும் பின்னுக்குப் போயின. ஊரார் அன்பினால் இட்ட பெயரே நிலைத்தது.

இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது பலரும் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். புகழ் வந்த பிறகு நடந்தவற்றைச் சொல்வது எளிது. ஆனால் இருபதிலிருந்து நாற்பது வரை, ஒரு மனிதனின் வலிமை மிகுந்த இருபது ஆண்டுகள், எந்த நிலையான ஊதியமும் பதவியும் இன்றிக் கழிந்தன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இடையில் திருமணமும் ஆயிற்று. குடும்பப் பொறுப்பும் வந்தது. கடவுளை நம்பிக் காத்திருப்பதற்கும் வெறுமனே சோம்பியிருப்பதற்கும் என்ன வேறுபாடு என்று உலகியலில் நிற்பவர் கேட்பது இயற்கை. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வேறுபாடு, காத்திருக்கும்போது கைகள் என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது. சோம்பேறியின் கைகள் ஓய்ந்திருக்கும். பக்தனின் கைகள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். வேதாந்த நூல்களில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டைச் சொல்வதுண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ தாய் தன்னைக் கவ்விச் செல்லட்டும் என்று விட்டுவிடுகிறது. முயற்சி பெரிதா, சரணாகதி பெரிதா என்று இதை வைத்து நூற்றாண்டுகளாக வாதம் நடந்திருக்கிறது. ஆனால் பூனைக்குட்டியும் ஒன்றைச் செய்கிறது என்பதை வாதிடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது ஓயாமல் கத்துகிறது. சிவனின் பஜனை அத்தகையது.

இசையில் அவர் தொடக்கப் பாடம் கேட்டது நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும். அது அடிப்படைப் பயிற்சி. அதற்கு மேல் கற்க வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்த கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் தொடர்பு அந்தத் தாகத்தைத் தணித்தது. அந்தப் பெரியவர் 1921-இல் மறையும்வரை அவருடைய பாட்டைக் கேட்டுக் கேட்டே சிவன் தம் இசையறிவை விரித்துக்கொண்டார். ராகங்களைப் பற்றிய தெளிவு அங்கிருந்து வந்தது; உருக்கம் திருவனந்தபுரத்திலிருந்து ஏற்கெனவே வந்திருந்தது.

திருவாரூரில் பிறந்த பாட்டு

தியாகராஜப் பெருமான் எழுந்தருளியிருக்கும் திருவாரூர், சங்கீத மும்மூர்த்திகள் மூவருமே பிறந்த தலம். தேவாரம் பாடிய மூவரும் போற்றிய தலமும் அதுவே. அங்கே பெருமானின் திருமுன் நின்றபோது குந்தளவராளி ராகத்தில் சிவனின் முதல் கீர்த்தனை பிறந்தது. இறைவனைத் துதிப்பதற்கும் அவனருளே வேண்டும் என்பது அதன் கருத்து.

கேட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். வீடில்லாதவர் வீடு கேட்கவில்லை. வருவாய் இல்லாதவர் பொருள் கேட்கவில்லை. பாடுவதற்கான தகுதியைக் கேட்டார். சேவகன் எசமானனிடம் கூலி கேட்காமல், நாளைக்கும் வேலை வேண்டும் என்று கேட்பதைப் போன்றது இது. அந்த ஒரு வேண்டுகோள் மறுக்கப்படவில்லை. அன்று தொடங்கிய ஊற்று அவருடைய இறுதிக்காலம்வரை வற்றவில்லை. தம் கீர்த்தனைகளில் ராமதாசன் என்னும் முத்திரையை வைத்தார். சிவன் என்று ஊரார் அழைத்தவர், ராமனின் அடிமை என்று தம்மை எழுதிக்கொண்டார். சைவம், வைணவம் என்ற வேலிகள் அவருடைய பாடல்களில் இல்லை. கபாலியையும் கற்பகாம்பாளையும் பாடிய அதே உள்ளம் முருகனையும் கண்ணனையும் ராமனையும் பாடியது. ராமாயணக் கதையையே கீதங்களாக்கி ஸ்ரீராம சரித கீதமாகத் தந்தார்.

அவருடைய பாடல்களைத் தொடர்ந்து கேட்பவருக்கு ஒன்று புலப்படும். அவற்றில் இனிய துதிகள் எவ்வளவு உண்டோ அவ்வளவு முறையீடும் உண்டு. ஏன் இன்னும் பார்க்கவில்லை, ஏன் இந்தத் தாமதம், என்னைவிட்டால் உனக்கு வேறு வேலை என்ன என்ற தொனியில் இறைவனோடு வழக்காடுகிறார். சிலர் இதைப் பக்திக் குறைவு என்று கருதக்கூடும். அது சரியன்று. அந்நியரிடம் நாம் மரியாதையாகப் பேசுவோம், கோபிப்பதில்லை. கோபிக்கும் உரிமை சொந்தத்திற்கு மட்டுமே உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் கண்பார்வை இழந்து திருவாரூருக்கு வந்தபோது இறைவனை ஏசியே பார்வை பெற்றார் என்று பெரியபுராணம் கூறும் மரபு நமக்கு இருக்கிறது. நெடுங்காலம் காத்திருப்பவனின் நம்பிக்கை சில சமயங்களில் முறையீடாகத்தான் வெளிப்படும். முறையிடுவதையும் நிறுத்திவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மயிலையின் மாடவீதிகள்

1930-ஆம் ஆண்டையொட்டிச் சிவன் சென்னைக்குக் குடிபெயர்ந்து மயிலாப்பூரில் தங்கினார். அப்போது வயது நாற்பது. கபாலீசுவரரின் நிழலில் அவர் வாழ்க்கையின் இரண்டாம் பகுதி தொடங்கியது. பங்குனிப் பெருவிழாவில் கபாலியின் வீதியுலாவைக் கண்டு வியந்து அவர் பாடிய காம்போஜி ராகக் கீர்த்தனையை அறியாத இசையன்பர் இல்லை. ஆபரணங்களின் ஒளியும், வாகனத்தின் கம்பீரமும், கூட்டத்தின் களிப்பும், அதன் நடுவே ஒரு பக்தன் இரண்டு கண்கள் போதவில்லையே என்று தவிக்கும் தவிப்பும் அதில் அப்படியே பதிவாகியுள்ளன. பல ஆண்டுகள் வாசலில் நின்றவருக்கு வாசல் திறந்து, உள்ளிருப்பவர் தாமே வீதிக்கு வந்துவிட்டதுபோன்ற பாட்டு அது.

மார்கழி மாதம் வந்துவிட்டால் விடியற்காலை இருளிலேயே எழுந்து, பனியில், கோயிலின் நான்கு மாடவீதிகளையும் பஜனை செய்துகொண்டு வலம்வருவார். மக்கள் ஒவ்வொருவராக வீட்டிலிருந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். அவரிடம் பாடம் கேட்ட இளைஞர்களும் உடன் வருவர். கச்சேரி மேடைக்கு அனுமதிச்சீட்டு உண்டு, கைதட்டல் உண்டு, மறுநாள் பத்திரிகையில் விமரிசனம் உண்டு. தெருப் பஜனைக்கு இவை எதுவும் இல்லை. கோலம் போட வாசலுக்கு வந்த பெண்களும், பால்காரர்களும், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தைகளுமே அவையோர். நாட்டின் முன்னணி வித்துவான்கள் தம் கீர்த்தனைகளை மேடைதோறும் பாடத் தொடங்கிய பிறகும் சிவன் இந்தத் தெருப் பணியைக் கைவிடவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது. இளமையில் வேறு வழியில்லாததால் தெருவில் பாடினார் என்று யாரும் நினைக்க இடமில்லாமல், வழிகள் பல திறந்த பின்னும் பாடினார். மயிலாப்பூரில் மார்கழி பஜனை இன்றும் தொடர்கிறது.

1934-இல் அவருடைய கீர்த்தனமாலையின் முதல் தொகுதி வெளிவந்தது. திருமதி ருக்மிணிதேவி அருண்டேலின் கலாக்ஷேத்திரத்தில் சில ஆண்டுகள் இசை கற்பித்தார். 1940-களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரிக்கு உகந்த தமிழ்க் கீர்த்தனைகள் போதுமான அளவு உள்ளனவா என்று அன்று பெரும் விவாதம் நடந்தது. சிவன் எந்த மேடையிலும் ஏறி வாதிட வேண்டியிருக்கவில்லை. இந்த இயக்கத்திற்கு எவ்வளவோ முன்பே, யாரும் கேட்காத காலத்திலேயே, அவர் பாடி வைத்திருந்தார். தேவை வந்தபோது பாடல்கள் ஆயத்தமாக இருந்தன. தமிழ்த் தியாகராஜர் என்று மக்கள் அவரைக் கொண்டாடினர்.

குசேலர் வேடம்

திரைப்படத்துறை அவரைத் தேடி வந்தது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் குடும்பம் சிவனிடம் பெரும் மதிப்புக் கொண்டது. 1934-இல் வெளியான சீதா கல்யாணம் படத்தில் அவருடைய மகன் எஸ். ராஜம் ராமனாக நடித்தார். மகள் ஜெயலட்சுமி சீதையாக நடித்தார். பிற்காலத்தில் வீணை வித்துவானாகப் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் சிறு பிள்ளையாக அதில் தோன்றினார். அப்படத்தின் இசைப் பணியில் சிவனும் சேர்ந்தார். பிறகு அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி, மீரா எனப் பல படங்களுக்குப் பாடல் எழுதினார். அவற்றுள் பல தியாகராஜ பாகவதரின் குரலில் பட்டிதொட்டியெல்லாம் பரவின. அவற்றுள் காதல் பாடல்களும் உண்டு. சந்நிதியில் நின்றவர் சினிமாவுக்கு எழுதலாமா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். ஆனால் கோயில் வாசலுக்கே வர இயலாதிருந்த கோடிக்கணக்கான எளியோரின் நாவில் கர்நாடக ராகங்களும் இறைநாமமும் அமர்ந்தது இந்த வழியில்தான். அதையும் ஒரு தெருப் பஜனையாகவே கொள்ளலாம். தெருதான் சற்று நீளமானது.

கே. சுப்பிரமணியம் இயக்கி 1936-இல் வெளிவந்த பக்த குசேலா படத்தில் சிவன் குசேலராகவே நடித்தார். இதைவிடப் பொருத்தமான வேடம் அமைந்திருக்க முடியாது. குசேலரின் கதை அனைவருக்கும் தெரிந்ததே. வீட்டில் பசித்த குழந்தைகள். துவாரகையில் அரசாளும் பால்ய நண்பன். மனைவியின் வற்புறுத்தலால் ஒரு பிடி அவலுடன் போகிறார். நண்பனைக் கண்டதும் வந்த காரணமே மறந்துவிடுகிறது. எதையும் கேட்காமல் திரும்புகிறார். பாகவதம் இந்த இடத்தில் காட்டும் நுட்பம் ஆழமானது. திரும்பும் வழியில் குசேலருக்கு மனவருத்தம் இல்லை. செல்வம் வந்தால் இறைவனை மறந்துவிடுவேன் என்று கருதித்தான் தரவில்லைபோலும் என்று மகிழ்ந்துகொண்டே நடக்கிறார். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கொடை வந்து சேர்ந்தது அவருக்குப் பின்னால்தான் தெரிகிறது. நன்றி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த நடையை நடித்துக் காட்டச் சிவன் பெரிதாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் அவர் நடந்த நடைதான் அது.

1939-இல் வந்த தியாகபூமி இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கல்கி எழுதிய கதை. அதையும் இயக்கியவர் சுப்பிரமணியமே. சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார். ஊரில் பெருமழை. வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கலம் தருகிறார் வைதிகரான சாஸ்திரி. அதற்காக ஊரார் அவரை ஒதுக்குகின்றனர். மகளின் வாழ்வு சிதைகிறது, சொத்துப் போகிறது. ஆனால் பூஜையும் போகவில்லை, தொண்டும் போகவில்லை. பூஜை உண்மையானதாக இருந்தால் அது மழையில் நனைபவனுக்குக் கதவைத் திறக்கும் என்பதே சாஸ்திரி பாத்திரத்தின் சாரம். தேசிய உணர்வைத் தூண்டுகிறது என்று 1940-இல் ஆங்கில அரசு இப்படத்தைத் தடை செய்தது. நெற்றியில் நீறு துலங்கும் ஒரு சாதுவின் நடிப்பு ஆட்சியாளர்களுக்கு அச்சம் தந்தது.

சிவன் பாடல் எழுதிய ஹரிதாஸ் 1944-இல் வெளிவந்து, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோருக்குத் தொண்டு செய்யும் மகனைக் காண இறைவன் வருகிறான்; பணிவிடை முடியும்வரை அவனே வெளியே நிற்க வேண்டியதாகிறது. பண்டரிபுரத்துப் புண்டலீகனின் கதை அது. பண்டரியில் பாண்டுரங்கன் செங்கல்லின்மேல் இடுப்பில் கைவைத்து இன்றும் நிற்கிறான். நாம் கடவுளுக்காகக் காத்திருப்பதைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். தொண்டு செய்பவனின் வாசலில் கடவுள் காத்திருப்பதைப் பற்றி மராத்திய பக்தர்கள் பேசினார்கள்.

தாமதமாக வந்த மாலைகள்

திரையுலகின் மாற்றங்களால் சிவனின் பாடல்களுக்கு அங்கே இடம் சுருங்கியபோதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. திருவனந்தபுரத்தில் கற்ற வியாகரணம் நெடுநாள் விதையாகக் கிடந்து இப்போது முளைத்தது. வடமொழிச் சொற்களைத் தேடித் திரட்டி, பொருள் வகுத்து, வடமொழிச் சொற்கடல் என்னும் அகராதியை உருவாக்கி 1954-இல் வெளியிட்டார். திரைப் பாடலாசிரியர் ஒருவர் அகராதி தொகுத்தார் என்பது இன்று பலருக்குத் தெரியாது. அகராதிப் பணியில் இராகமும் இல்லை, தாளமும் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு நாளாக நகரும் வேலை. பாராட்டும் குறைவு. ஆனால் எதிர்காலத்தில் யாரோ ஒரு மாணவன் ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் திகைக்கும்போது அவனுக்கு உதவும்.

காஞ்சி காமகோடி பீடம் சிவபுண்ணிய கானமணி என்ற விருதினை அளித்து அவரைச் சிறப்பித்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971-இல் வந்தது. அப்போது வயது எண்பத்தொன்று. அவர் பாடல்களைப் பாடிய இளைய வித்துவான்கள் பலர் அதற்கு வெகுகாலம் முன்பே அவ்விருதைப் பெற்றிருந்தனர். மறு ஆண்டு, 1972-இல், இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. இன்னும் முன்னதாகவே வந்திருக்கலாம் என்று அன்பர்கள் எண்ணுவது நியாயமே. ஆனால் விடியற்காலைப் பனியில் மாடவீதி சுற்றியவர் எந்த மாலைக்காகவும் சுற்றவில்லை என்பதால், அது தாமதமானதில் அவருக்கு இழப்பேதும் இருந்ததாகத் தோன்றவில்லை.

1973-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சிவன் இறைவனடி சேர்ந்தார். எண்பத்துமூன்றாவது பிறந்தநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மயிலாப்பூரில் அவர் பெயரால் ஒரு சாலை விளங்குகிறது.

திருவனந்தபுரத்தின் தமிழ்த் தெருக்களில் இன்று பழைய வீடுகள் பல மாறிவிட்டன. கிள்ளியாறும் பழைய ஆறாக இல்லை. ஆனாலும் காந்தளூர்க் கோயிலில் மாலைத் தீபாராதனை நடக்கிறது. தந்தையற்ற ஒரு சிறுவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நகருக்குள் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நீலகண்ட சிவனின் முகாரியும் பாபநாசம் சிவனின் காம்போஜியும் பல மேடைகளில் ஒலிக்கின்றன. ஒன்று ஏங்கி நின்ற பாட்டு. மற்றொன்று கண்டு திகைத்த பாட்டு.